துணி போர்த்திய போர் விமானம் முரடாக இருக்க முடியுமா?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது: 'இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரிட்டனின் ஹரிக்கேன் விமானத்தின் பின்பாதி வெறும் துணி என்று படித்தேன். அதே கட்டுரையில், எத்தனை குண்டு பட்டாலும் தளம் திரும்பும் முரட்டு விமானம் என்றும் எழுதியிருந்தது. துணி எப்படி முரடாகும்? பழைய விமானிகளின் பெருமைப் பேச்சை நாம் ஏன் நம்ப வேண்டும்?' கூடவே, அதே காலத்து மற்றொரு பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரை அறிந்தவர்கள் ஹரிக்கேனை ஏன் அறியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன. ஒன்று கட்டுமானம் பற்றியது. அதற்கு உறுதியாகப் பதில் சொல்லலாம். மற்றது நினைவு பற்றியது. அங்கே கொஞ்சம் நிதானமாகத்தான் நடக்க வேண்டும்.

என் எல்லையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் விமானி இல்லை, விமானப் பராமரிப்புப் பொறியாளர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஹாங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், கழித்தவன். பிற்பாதி முழுவதும் பயணிகள் விமானங்களோடு போனது. முதல் ஏழு ஆண்டுகள் ஒரு ஃப்ளையிங் கிளப்பில், பெங்களூரில் தயாரான புஷ்பக் என்ற இரண்டு இருக்கை விமானங்களோடு. ஹரிக்கேனை நான் பிரித்து மாட்டியதில்லை. புத்தகத்திலும் வரைபடத்திலும் படித்ததுதான். ஆனால் எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் துணி போர்த்திய விமானம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை என் விரல்கள் அறியும். அரிக்கேன் என்றதும் நம்மில் பலருக்குப் பாட்டி வீட்டு விளக்குதான் நினைவுக்கு வரும். அதுவும் இந்த விமானமும் ஒரே பெயர்க்காரர்கள். காற்றடித்தாலும் அணையாத விளக்கு என்பதால் அதற்கு அந்தப் பெயர்.

விமானத் துணி என்றதும் வேட்டித் துணியை நினைக்காதீர்கள். நெருக்கமாக நெய்த லினனை இழுத்துப் போர்த்தி, அதன் மேல் 'டோப்' என்ற ஒரு வகை வார்னிஷைத் தடவுவார்கள். ஹாங்கர் முழுக்க வாழைப்பழமும் ஸ்பிரிட்டும் கலந்தது போல ஒரு நெடி பரவும். புதிதாக வந்த பையன்களுக்கு அரை மணி நேரத்தில் தலை சுற்றும். டோப் உலர உலரத் துணி இறுகும். பறையைத் தீயில் காட்டினால் தோல் விறைக்குமே, அதே விறைப்பு. நான்கைந்து பூச்சு முடிந்தபின் விரலால் சுண்டினால் 'டொம்' என்று ஒலிக்கும். அந்த ஒலி வந்தால்தான் எங்கள் மேஸ்திரி அடுத்த வேலைக்கு விடுவார்.

ஒரு நாள் சாயங்காலம் ஓடுபாதையை ஒட்டி மேய்ந்துகொண்டிருந்த மாடு ஒன்று, நிறுத்தியிருந்த புஷ்பக்கின் வாலில் உடம்பைத் தேய்த்துக்கொள்ள வந்து, கொம்பால் ஒரு முழ நீளத்துக்குக் கிழித்துவிட்டது. கிளப் வேலி கட்டாத குற்றத்துக்கு மாட்டைத் திட்டித் தீர்த்தார்கள். நாங்கள் உள்ளே விளக்கை விட்டுப் பார்த்தோம். குழாயில் கீறல் இல்லை. மெழுகு தடவிய நூலால் கிழிசலைச் சேர்த்துத் தைத்து, சுற்றிலும் பழைய டோப்பை இளக்கி, ஓரம் பிரித்த துணி ஒட்டை வைத்து, மேலே பூச்சுக் கொடுத்தோம். மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த விமானம் ஒரு மாணவனோடு மேலே போனது. அதே கிழிசல் தகட்டு விமானத்தில் ஏற்பட்டிருந்தால் தகட்டை வெட்டி, அளவெடுத்து, துளையிட்டு, ரிவெட் அடித்து, பரிசோதித்து முடிக்க எத்தனை நாள் ஆகியிருக்கும் என்பதைப் பின்னாளில் வேறு விமானங்களில் பார்த்திருக்கிறேன். உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் ஏறக்குறைய அந்த மாட்டிடம்தான் இருக்கிறது.

ஹரிக்கேனை வடிவமைத்தவர் ஹாக்கர் நிறுவனத்தின் சிட்னி காம். இரட்டை இறக்கை விமானங்களில் கை தேர்ந்த குழு அது. புதிய போர் விமானத்துக்கும் தாங்கள் பழகிய முறையையே கொண்டுபோனார்கள். எஃகு, டுராலுமின் (அலுமினியக் கலவை) குழாய்களை ரயில்வே பாலத்துச் சட்டம் போல முக்கோணம் முக்கோணமாகப் பூட்டியதுதான் எலும்புக்கூடு. குழாய்களின் நுனியைச் சதுரமாக்கி, தகடு வைத்து, போல்ட்டும் ரிவெட்டும் போட்டு இணைத்தார்கள், பற்றவைப்பு இல்லை. அதற்கு மேல் உருவம் கொடுக்க மரச்சட்டங்கள். அவற்றின் மேல் துணி. மூக்குப் பக்கம் உலோகத் தகடு. தொடக்கத்தில் இறக்கையும் துணிதான். 1939 முதல் உலோக இறக்கை வந்தது. 1935 நவம்பர் 6 அன்று ப்ரூக்லேண்ட்ஸில் முதல் முறை பறந்தது. ஸ்பிட்ஃபயர் அதற்கு நான்கு மாதம் கழித்துப் பறந்தது. ஆனால் இரண்டும் வெவ்வேறு தலைமுறை. ஸ்பிட்ஃபயரில் தோலே பாரம் சுமக்கிறது, முட்டை ஓடு போல. ஹரிக்கேனில் பாரம் முழுவதும் குழாயில். துணி காற்றுக்கு மறைப்பு, அவ்வளவே.

எனவே ஒரு துப்பாக்கிக் குண்டு ஹரிக்கேனின் பின்பாதியில் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறினால், வழியில் குழாயோ கட்டுப்பாட்டுக் கம்பியோ சிக்காதவரை விமானத்துக்கு அது ஒரு செய்தியே இல்லை. தளத்தில் இறங்கியதும் சட்டகத்தைக் கவனிக்கும் ரிக்கர் ஒட்டுப் போடுவார். குழாய் வளைந்திருந்தாலும் அந்த ஒரு குழாயைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். 1940 கோடையில் பிரிட்டன் மேல் நடந்த வான்போரில் இது பெரிய விஷயம். காலையில் அடிபட்ட விமானம் மாலையில் மறுபடி எழும்ப வேண்டிய காலம் அது. சக்கரங்களும் ஒரு காரணம். ஹரிக்கேனின் சக்கரங்கள் அகலமாக விரிந்து நிற்கும், உள்நோக்கி மடங்கும். புல்வெளியிலும் குழி நிரப்பிய ஓடுபாதையிலும், பதற்றத்தோடு இறங்கும் இருபது வயதுப் பையனைக் கவிழ்த்துவிடாது. ஸ்பிட்ஃபயரின் கால்கள் குறுகலானவை. தரையில் அது நாசூக்கான விருந்தாளி.

இது வரை சொன்னது உறுதி. இனி பெருமைப் பேச்சு எங்கே தொடங்குகிறது என்று பார்ப்போம். 'பீரங்கிக் குண்டுகள் துணியில் வெடிக்காமல் ஊடுருவிப் போய்விடும்' என்று பலர் எழுதியிருக்கிறார்கள். நடந்திருக்கும். குண்டின் முனை வெடிக்க ஏதாவது கெட்டியாக எதிர்ப்பட வேண்டும். துணி அத்தனை கெட்டியில்லை. ஆனால் அதே குண்டு குழாயையோ இன்ஜினையோ எண்ணெய்த் தொட்டியையோ தொட்டால் கதை வேறு. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு: ரிப்பேருக்கு வந்த விமானத்தைப் பார்த்து ஒரு முடிவுக்கு வருமுன், வராத விமானம் என்ன சொல்லியிருக்கும் என்று கேட்டுக்கொள்வோம். வாலில் நாற்பது ஓட்டையோடு திரும்பி வந்த ஹரிக்கேனைப் புகைப்படம் எடுத்தார்கள். மூக்கில் நான்கு ஓட்டை வாங்கியது ஆங்கிலக் கால்வாயில் கிடந்தது. அதை யார் படம் எடுப்பது?

எண்ணிக்கைகளிலும் இதே எச்சரிக்கை தேவை. அந்த 1940 வான்போரில் ஸ்பிட்ஃபயர் படைப்பிரிவுகளைவிட ஹரிக்கேன் பிரிவுகளே அதிகம் இருந்தன. ஜெர்மன் விமானங்களை அதிகம் வீழ்த்தியதும் ஹரிக்கேன்களே. இதில் ஆய்வாளர்களிடையே சண்டை இல்லை. ஆனால் ஒவ்வொரு விமானியின் பெயருக்கு நேரே எழுதியிருக்கும் எண்ணிக்கையைக் கல்வெட்டாக நினைக்க வேண்டாம். 1940 செப்டம்பர் 15 அன்று 185 எதிரி விமானங்களை வீழ்த்தியதாக லண்டன் அறிவித்தது. போருக்குப் பின் ஜெர்மன் பதிவுகளோடு ஒப்பிட்டபோது அது ஏறக்குறைய அறுபதாகச் சுருங்கியது. இதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். மூன்று பேர் மூன்று திசையிலிருந்து ஒரே விமானத்தைச் சுட்டு, அது புகை கக்கிக்கொண்டு மேகத்துக்குள் போனால், மூவரும் இறங்கி வந்து 'நான் வீழ்த்தினேன்' என்றுதான் சொல்வார்கள். அதே நாளில் ரே ஹோம்ஸ் என்ற ஹரிக்கேன் விமானி, குண்டுகள் தீர்ந்த நிலையில் ஒரு ஜெர்மன் டோர்னியர் குண்டுவீச்சு விமானத்தின் வால் மீது மோதினார். அது விக்டோரியா ரயில் நிலையத்தின் முன் விழுந்தது. அவர் பாராசூட்டில் குதித்து உயிர் தப்பினார். அவருடைய ஹரிக்கேனின் இன்ஜினை 2004-இல் லண்டன் தெரு ஒன்றின் அடியிலிருந்து தோண்டி எடுத்தார்கள். மோதலும் இன்ஜினும் உறுதி. அந்த டோர்னியர் பக்கிங்ஹாம் அரண்மனையைக் குறிவைத்து வந்தது என்ற பகுதி சந்தேகம். அதன் குழுவினர் ஏற்கெனவே குதித்துவிட்டிருந்தார்கள், விமானம் ஆளில்லாமல் தானே பறந்துகொண்டிருந்தது என்பது பின்னர் ஆராய்ந்தவர்களின் முடிவு.

'முரட்டு விமானம்' என்று பாராட்டுகிறவர்கள் சொல்லாமல் தாண்டிப் போகும் ஒன்று உண்டு: நெருப்பு. ஹரிக்கேனில் ஒரு பெட்ரோல் தொட்டி விமானியின் முகத்துக்கு முன்னே, கருவிப் பலகைக்குப் பின்னால் இருந்தது. இரண்டு தொட்டிகள் இறக்கைகளுக்குள், உடலோடு சேரும் இடத்தில். அவற்றில் தீப்பிடித்தால் அந்த இடைவெளி வழியே தீ நேராக விமானியின் அறைக்குள் வரும். துணியும் மரமும் அதற்குத் தடையில்லை. கையுறையைக் கழற்றி வைத்தவருக்குக் கை போயிற்று. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்தவருக்கு இமை போயிற்று. 1940 ஆகஸ்ட் 16 அன்று சவுத்தாம்ப்டன் அருகே ஜேம்ஸ் நிக்கல்சனின் ஹரிக்கேன் தீப்பிடித்தது. குதிக்கத் தயாரானவர், எதிரே ஒரு ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் போர் விமானம் வரக் கண்டு, எரியும் இருக்கையில் மறுபடி அமர்ந்து சுட்டார். பிறகுதான் குதித்தார். இறங்கும்போது சொந்த நாட்டு ஊர்க்காவல் படையினரே எதிரி என்று நினைத்து அவரைச் சுட்டார்கள். பிரிட்டனின் போர் விமானப் பிரிவில் அந்த உலகப் போர் முழுவதிலும், மிக உயரிய வீர விருதான விக்டோரியா சிலுவையைப் பெற்றவர் அவர் ஒருவர்தான். அப்போது வயது 23. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1945 மே மாதம், நம் வங்காள விரிகுடாவில் விழுந்த ஒரு லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்தில் அவரும் இருந்தார்.

டாம் கிளீவ் என்ற மற்றொரு ஹரிக்கேன் விமானி ஆகஸ்ட் 31 அன்று எரிந்தார். மருத்துவமனைக்கு ஓடி வந்த மனைவி, கட்டுகளுக்குள் கிடந்தவரைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டபோது, 'ஒரு ஜெர்மன்காரனோடு தகராறு' என்றாராம். இப்படி எரிந்தவர்களுக்கு ஈஸ்ட் கிரின்ஸ்டெட் மருத்துவமனையில் ஆர்ச்சிபால்ட் மக்கிண்டோ என்ற அறுவை மருத்துவர் இமையும் மூக்கும் விரலும் செய்து கொடுத்தார். நோயாளிகள் தங்களைச் சோதனை எலிகள் என்று கேலியாக அழைத்துக்கொண்டு 1941-இல் ஒரு சங்கமே தொடங்கினார்கள். போர் முடியும்போது அதில் 649 பேர். எல்லோரும் ஹரிக்கேன்காரர்கள் அல்லர். பெரும்பாலோர் குண்டுவீச்சு விமானங்களிலிருந்து வந்தவர்கள். ஆனால் தொடக்கம் 1940-இன் போர் விமானிகளிடமிருந்துதான். சட்டத்துக்கு ஒட்டுப் போடுவது ஓர் இரவு வேலை. உள்ளே இருந்தவருக்கு ஒட்டுப் போடப் பல ஆண்டுகள் ஆயின.

நமக்கு வெகு அருகில் ஹரிக்கேன் சண்டையிட்ட இடங்களில் ஒன்று கொழும்பு. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. முந்தைய நாளே லெனர்ட் பர்ச்சால் என்ற கனடா விமானி, கொக்கல ஏரியிலிருந்து கிளம்பிய கட்டலினா விமானத்தில் போய், அட்மிரல் நகுமோவின் ஜப்பானியக் கடற்படை வருவதைக் கண்டு வானொலியில் சொல்லிவிட்டார். சொன்ன கையோடு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். அப்படியும் மறுநாள் காலை எதிரி விமானங்கள் இரத்மலானை தளத்தின் மேல் வந்துசேர்ந்த பிறகுதான் 30-ஆம் பிரிவின் ஹரிக்கேன்கள் எழும்பின. மேலே ஏறிக்கொண்டிருக்கும் போர் விமானத்தைப் போல எளிய இலக்கு வேறில்லை. 258-ஆம் பிரிவு கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து பறந்தது. அந்த ஓடுதளம் ஜப்பானியருக்குத் தெரியாது என்பதால் தப்பியது. ஹரிக்கேன்களும் பிரிட்டிஷ் கடற்படையின் ஃபுல்மர் போர் விமானங்களும் சேர்ந்து ஏறக்குறைய இருபது அன்று அழிந்தன. எதிரியின் இழப்பு ஏழு. பிரிட்டிஷ் தரப்பு அப்போது அறிவித்தது அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இங்கே முரட்டுத்தனம் உதவவில்லை. ஜப்பானியரின் ஜீரோ போர் விமானம் இலேசானது, சிறு வட்டத்தில் திரும்பும். ஐரோப்பாவில் கற்ற பழக்கத்தில் அதோடு வளைந்து வளைந்து சண்டையிடப் போனவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அந்த ஏப்ரலில்தான் மதராஸ் நகரம் பயத்தில் காலியானது. வீட்டுப் பெரியவர்கள் 'எவாக்குவேஷன்' என்ற சொல்லை எங்கிருந்து பிடித்தார்கள் என்று யோசித்திருந்தால், இதுதான் அந்தக் காலம்.

மதராஸுக்கு இதில் இன்னொரு பங்கும் உண்டு. இங்கே திரட்டிய போர் நிதிக்கு நன்றியாகச் சில பிரிட்டிஷ் படைப்பிரிவுகளுக்கு 'மதராஸ் மாகாணம்' என்று பெயர் சூட்டினார்கள். 79-ஆம் பிரிவு அவற்றில் ஒன்று. 1940-இல் பிரிட்டனிலும், பிறகு பர்மாப் போர்முனையிலும் அது பறந்தது ஹரிக்கேனில்தான். அந்த நிதியில் எத்தனை ரூபாய் மனமுவந்து வந்தது, எத்தனை ரூபாய் தாசில்தாரின் முகத்துக்காக வந்தது என்பதைக் கணக்குப் புத்தகம் சொல்லாது.

இந்திய விமானிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் ஹரிக்கேனை நாம் நினைக்க வேண்டிய காரணமே அவர்கள்தான். மொகிந்தர் சிங் புஜ்ஜி 1941-இல் இங்கிலாந்தில் தலைப்பாகையோடு ஹரிக்கேன் ஓட்டினார். பறக்கும்போது கையில் ஒரு மாற்றுத் தலைப்பாகையும் வைத்திருப்பாராம். அடிபட்ட விமானத்தோடு டோவர் அருகே தரையில் மோதி இறங்கி, ஆறேழு நாளில் மறுபடி பறக்கப் போனதாக அவரே பிற்காலத்தில் சொன்னார். தலையைக் காத்தது தலைப்பாகைதான் என்பதும் அவர் வாக்கே. 1944-இல் ஜப்பானியர் இம்பாலைச் சூழ்ந்தபோது அங்கே ஹரிக்கேன்களோடு இருந்தது அர்ஜன் சிங் தலைமையிலான இந்திய விமானப்படையின் முதலாம் படைப்பிரிவு. காட்டுக்கு மேல் தாழப் பறந்து வேவு பார்ப்பது, கண்டதைச் சுடுவது, சேற்றுத் தளத்தில் இறங்குவது. அந்த வேலைக்கு வேகம் குறைந்த, அகலக் கால் விமானம் பொருந்தியது. ஐரோப்பாவில் அதற்குள் ஹரிக்கேன் பழசாகிவிட்டிருந்தது. பழசானதுதான் நமக்கு வந்தது என்பதும் உண்மை. அதே அர்ஜன் சிங் 1965 போரில் விமானப்படைத் தளபதி. பறத்தல் சிலுவை என்ற வீர விருதை இருமுறை பெற்ற கே. கே. மஜும்தாரோ எதிரியிடம் சாகவில்லை. 1945 பிப்ரவரியில் லாகூரில் ஒரு காட்சிப் பறப்பின்போது ஹரிக்கேன் விழுந்து இறந்தார். எந்த விமானத்தையும் 'முரடு' என்று முழுமனதாகச் சொல்ல எனக்கு வாய் வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்பிட்ஃபயருக்கு ஏன் புகழ் என்றால், அது அழகு. நீள்வட்ட இறக்கை ஒருமுறை பார்த்தால் மறக்காது. வேகத்திலும் முந்தியது. போர் முழுவதும் புதுப்புது வடிவங்களில் முன்வரிசையிலேயே நின்றது. ஹரிக்கேன் 1944-இல் உற்பத்தி நிற்கும்வரை சுமார் 14,500 வந்தது. பிற்பாதி முழுக்க டாங்கிகளைச் சுடுவதும், சரக்குக் கப்பலின் முகப்பிலிருந்து எறியப்பட்டு இறங்க இடமில்லாமல் கடலில் விழுவதும், பர்மாவில் குண்டு சுமப்பதும்தான் அதன் பிழைப்பு. வேலைக்காரனுக்கு யார் சிலை வைக்கிறார்கள்? 14,500-இல் இன்று பறக்கும் நிலையில் இருப்பவை இரு கை விரல்களைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

அவற்றில் ஒன்றின் கதையைச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஆர் 4118 என்பது அதன் எண். 1940-இல் 605-ஆம் பிரிவில் 49 முறை சண்டைக்குப் போய் வந்தது. 1943 இறுதியில் பயிற்சிக்கென்று கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது. சுதந்திரத்தை ஒட்டி, பொறியியல் மாணவர்கள் பார்த்துப் படிக்கட்டும் என்று பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு பல ஆண்டுகள் திறந்த வெளியில் வெயிலும் மழையுமாகக் கிடந்தது. 1982-இல் பழைய ரோல்ஸ்ராய்ஸ் கார்களைத் தேடி வந்த பீட்டர் வாச்சர் என்ற ஆங்கிலேயர் அதைக் கண்டார். அனுமதிக்கு அலைந்து 2001-இல் ஊருக்கு எடுத்துப்போய், 2004 டிசம்பரில் மறுபடி பறக்கவிட்டார். 1940-இல் அதை ஓட்டிய பாப் ஃபாஸ்டர் அப்போது உயிரோடு இருந்தார், வந்து பார்த்தார். துணியும் மரமும் எப்போதோ மக்கிவிட்டிருந்தன. போல்ட் போட்டு இணைத்த சட்டகம்தான், ஐம்பது பருவமழைக்குப் பிறகும் கழற்றிச் சரிசெய்யும் நிலையில் இருந்தது.

உங்களால் இங்கிலாந்து போக முடியாவிட்டால் டெல்லியின் பாலம் என்ற பகுதியில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒரு ஹரிக்கேன் இருக்கிறது. முன்பக்கம் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் விமானியின் இருக்கைக்குப் பின்னால் போய், பக்கவாட்டில் வெளிச்சம் விழும் கோணத்தில் நின்று பாருங்கள். துணிக்கு அடியில் மரச்சட்டங்கள் மெலிந்த மாட்டின் விலா எலும்பு போல வரிவரியாகத் தெரியும். கயிற்றைத் தாண்டித் தட்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கும், காவலர் விடமாட்டார்.